கண்மாய்க்குள் கூடு கட்டப் போனேன்

கண்மாய், ஆற்றுப்படுகை, கடற்கரை என்று வெளியில் போய், அங்கே கிடக்கும் மண்ணையும் குச்சியையும் வைத்து ஏதாவது செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் போதும். நான் ஆரம்பித்தபோது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருந்தால் 84,500 ரூபாய் கையில் இருந்திருக்கும். அதைவிட முக்கியமாக, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன் பத்து நாள் காலை ஊன்ற முடியாமல் கிடந்திருக்க மாட்டான். பணக் கணக்கை அங்கங்கே அப்படியே சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

நான் ஓவியம் படித்தவள். மதுரையில் ஒரு நிறுவனத்துக்கு அட்டை, விளம்பரம் எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிற வேலை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துப் பார்த்து, கையால் எதையாவது செய்யாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்த ஒரு கட்டத்தில்தான் ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி என்ற பிரிட்டிஷ் கலைஞர் செய்தவற்றைப் படங்களில் பார்த்தேன். இலைகளை முள்ளால் கோத்து ஓடையில் மிதக்க விடுவார், பனிக்கட்டித் துண்டுகளை எச்சிலாலும் தண்ணீராலும் ஒட்டி நிறுத்துவார், வெயில் வந்தால் அது உருகிப் போகும், அவரிடம் மிஞ்சுவது ஒரு புகைப்படம்தான். அப்புறம் ராபர்ட் ஸ்மித்சன். 1970-இல் அமெரிக்காவில் உட்டா மாநிலத்தின் கிரேட் சால்ட் ஏரிக்குள் கருங்கல்லும் மண்ணும் கொட்டி 1,500 அடி நீளத்துக்குச் சுருள் வடிவத்தில் ஒரு கரை போட்டவர். கொஞ்ச காலத்திலேயே ஏரி மட்டம் உயர்ந்து அது தண்ணீருக்குள் போய்விட்டது, முப்பது வருஷம் பொறுத்து வறட்சியில் உப்புப் படிந்து வெள்ளையாக வெளியே வந்தது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும்தானே நம் ஊர்க் கண்மாயில் வருஷா வருஷம் நடக்கிறது, அதற்கு உட்டா வரை எதற்குப் போக வேண்டும் என்று தோன்றியது.

அப்பா ஊர் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர்ப் பக்கம். அப்பத்தா இருந்தவரை லீவுக்கெல்லாம் அங்கேதான். இப்போது சித்தப்பா குடும்பம் இருக்கிறது. ஊருக்கு மேற்கே கண்மாய். பெரிய கண்மாய் இல்லை, ஆனால் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பகுதியில், இரண்டு கல்தூண் நிற்கும் பழைய குமிழித் தூம்பு உண்டு. தூம்பு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்மாய்க்குள் ஒரு கல்தொட்டி, அதற்கு மேலே ஒரு துளை, கீழே பக்கவாட்டில் சின்னத் துளைகள். ஆள் தண்ணீருக்குள் மூழ்கிப் போய் மேல் அடைப்பைத் தூக்கினால் மேல் துளை வழியாகத் தண்ணீரும் கீழ்த் துளைகள் வழியாகச் சேறும் கரைக்கு அடியில் ஓடி வெளியே வந்துவிடும். வண்டலைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். இயற்கையோடு சேர்ந்து செய்வது என்று நான் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தேனே, அதை அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பேசியிருக்கிறேன், அந்தத் தூணைச் சரியாகப் பார்க்காமல். அதை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான்.

ஆகஸ்ட் மாதம். கண்மாய் காய்ந்து, உள்வாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓரமெல்லாம் சீமைக்கருவை. என் திட்டம், கருவைக் கிளைகளை வளைத்துப் பின்னி, இருபத்தைந்து அடி குறுக்களவில் ஒரு பெரிய பறவைக் கூடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறும்போது அது பாதி மூழ்கி, பாதி நிழலாகத் தெரியும். சீமைக்கருவையை எடுத்ததற்கு எனக்குள் ஒரு பெருமை வேறு. மெக்சிகோ, தென் அமெரிக்காப் பக்கமிருந்து வந்த மரம், நிலத்தை மூடிக்கொண்டு வேறு எதையும் வளர விடுவதில்லை, 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அகற்றச் சொன்னது. வேண்டாத மரத்தை வெட்டி அழகாக ஒன்றைச் செய்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? அதுவும் சொந்த ஊரில். சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன், "செய்த்தா, யாரு கேக்கப் போறா" என்றார். அதோடு சரி. அவரைத் தவிர வேறு யாரிடமும் கேட்கவில்லை. நான் செய்த தவறுகளில் முதலாவதும் பெரியதும் இதுதான்.

வெட்ட நான்கு பேர், ஆளுக்கு 700 ரூபாய் கூலி, எட்டு நாள். 22,400 ரூபாய். கிளைகளை உள்வாய் நடுவுக்குக் கொண்டுவர டிராக்டர் நான்கு நடை, 4,800. சனி, ஞாயிறு தவிர மேலும் சில நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு மதுரையிலிருந்து வண்டியில் வந்து வந்து போனேன், இரண்டு மாதத்தில் பெட்ரோல், சாப்பாடு எல்லாமாக 9,000 ஆனது. கருவை முள்ளைப் பற்றி ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நகரத்திலிருந்து வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், நுனி உள்ளேயே ஒடியும், ஒடிந்த இடம் இரண்டு நாளில் சீழ் வைக்கும். தடித்த தோல் கையுறை, அடிப்பாகம் கெட்டியான பூட்ஸ், டெட்டனஸ் தடுப்பூசி இல்லாமல் அதன் பக்கம் போகாதீர்கள். தனியாகவும் போகாதீர்கள். ஒரு நாள் மத்தியானம் கூலியாட்கள் போன பிறகு நான் மட்டும் இருந்து கட்டிக்கொண்டிருந்தேன், தலை சுற்றிக் கண் இருட்டிக்கொண்டு வந்து, கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர்ப் பாட்டில் வண்டியில் இருந்தது, வண்டி கரையில். ஆடு மேய்த்த ஒரு அம்மா பார்த்துக் கஞ்சி கொடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. வெளியில் வேலை செய்யும்போது பத்து மணிக்கு மேல் நான்கு மணி வரை எதையும் தூக்காதீர்கள், இதில் வீம்பு வேண்டாம்.

பின்னுவதற்குப் பனை நார் வாங்கினேன், பிளாஸ்டிக் கயிறு கூடாது என்ற பிடிவாதம். இரண்டு வாரம் கழித்து வந்து தொட்டுப் பார்த்தால் கயிறு இருந்த இடத்தில் கயிறு வடிவத்தில் மண்தான் இருந்தது. கரையான் வெளியே மண்பூச்சுப் பூசி, உள்ளே இருந்த நாரைத் தின்று முடித்திருந்தது. விரலால் அழுத்தினேன், பொலபொலவென்று உதிர்ந்தது. அப்புறம் தேங்காய் நார்க் கயிறு வாங்கி எல்லாவற்றையும் திரும்பக் கட்டினேன். இரண்டுக்கும் சேர்த்து 7,500. காய்ந்த நிலத்தில் வைக்கிற எதையும் முதலில் ஒரு சாண் துண்டு வெட்டி அந்த மண்ணிலேயே பதினைந்து நாள் போட்டுவிட்டு வந்து பாருங்கள். கரையான், எலி, ஆடு, எறும்பு, எது தின்னுகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

செப்டம்பர் கடைசியில் ஒருவர் வந்தார். அந்தக் கண்மாய்க் கருவையைக் கரிமூட்டம் போடுவதற்காக ஏலம் எடுத்தவராம். பஞ்சாயத்தில் பணம் கட்டிய ரசீது கையில் வைத்திருந்தார். நான் வெட்டியது அவர் மரம். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. சித்தப்பா நடுவில் பேசி 10,000 ரூபாய் கொடுத்து முடித்தோம். அன்றைக்குத்தான் புரிய ஆரம்பித்தது, கண்மாய் சும்மா கிடக்கிற இடம் இல்லை என்பது. மரம் ஒருவர் ஏலத்தில் இருக்கும், மீன் இன்னொருவர் குத்தகையில் இருக்கலாம் அல்லது ஊர்ப் பொதுவாக இருக்கலாம், தண்ணீர் ஆயக்கட்டுக்காரர்களுடையது, அதாவது அதில் பாசனம் செய்கிற வயல்காரர்களுடையது, அதைத் திறந்து அடைப்பது நீர்ப்பாய்ச்சியின் பொறுப்பு, புல் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு. காகிதத்தில் பார்த்தால் நம் மாநிலத்தில் ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். நீங்கள் கண்மாயில் ஒரு குச்சியை நடுவதற்கு முன்னால் இத்தனை பேரையும் பார்த்துவிட வேண்டும். ஸ்மித்சன்கூட உட்டா அரசிடம் அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்துத்தான் வேலையை ஆரம்பித்தார். அவருடைய சுருளை நூறு முறை பார்த்திருந்த நான் இந்த ஒரு விஷயத்தை எல்லாம் முடிந்த பிறகுதான் படித்தேன்.

ஆனால் மழை வந்தபோது கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும். நவம்பரில் கண்மாய் முக்கால் பெருகியது. கூட்டின் அடிப்பாகம் உள்ளே போய், மேல் விளிம்பு மட்டும் வட்டமாக நின்றது, அதன் நிழல் கீழே விழுந்து முழு வட்டமாகத் தெரிந்தது. காலையில் கரையில் நின்று பார்த்தேன். நான்கு நீர்க்காகம் அந்த விளிம்பில் உட்கார்ந்து றெக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தன. அழுதுவிட்டேன். டிரோன் வாடகைக்கு எடுத்து, 6,000 ரூபாய், மேலிருந்து படம் எடுத்தேன். அந்தப் படத்தைப் பார்த்த நண்பர்கள் எல்லாரும் கொண்டாடினார்கள். என்னுடைய வேலை முடிந்துவிட்டது, இனி இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து மதுரைக்கு வந்து என் பாட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். இப்போது திரும்பிப் பார்த்தால், நான் அங்கே கட்டாயம் இருந்திருக்க வேண்டிய காலமே அப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

ஜனவரியில் சித்தப்பா போன் செய்தார். குரலே சரியில்லை. காற்றிலும் அலையிலும் கூடு ஒரு பக்கம் பிரிந்து, கிளைகள் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போய் மடையில் சிக்கி, திறந்த ஷட்டர் இறங்காமல் நின்றுவிட்டதாம். இரண்டு நாள் இரண்டு ராத்திரி தண்ணீர் வீணாக ஓடியிருக்கிறது. பயிர் கதிர் வாங்கியிருக்கிற நேரம், கடைசித் தண்ணீர் கணக்கு வைத்து விடுகிற நேரம். நீர்ப்பாய்ச்சி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அந்தக் குளிரில் இறங்கி மூழ்கி மூழ்கி ஒவ்வொரு கிளையாக இழுத்துப் போட்டிருக்கிறார், கையெல்லாம் முள் கிழித்து. நான் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்தத் தண்ணிக்கு நான் ஊருக்குப் பதில் சொல்லணும்த்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தண்ணீருக்கு என்னிடம் விலை கேட்டவர் யாரும் இல்லை, அதனால் என் 84,500-இல் அது சேரவில்லை. கேட்டிருந்தால் என்ன கொடுத்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகாவது மிச்சத்தை எடுத்திருக்கலாம். தண்ணீர் வற்றட்டும் என்று விட்டேன். வெளியே தெரிகிற மரத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன், அடியில் இறங்கியதைப் பற்றி நினைக்கவே இல்லை. மே மாதம் கண்மாயில் முழங்கால் தண்ணீர் நின்றபோது ஊரில் மீன்பிடித் திருவிழா சாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் இது பெரிய விசேஷம், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் விடியற்காலையிலேயே ஊத்தா, கச்சா, வலை என்று எடுத்துக்கொண்டு வந்து கரையைச் சுற்றி நின்றுவிடுவார்கள். ஊர்ப் பெரியவரான அம்பலம் கரையில் ஏறித் துண்டை வீசியதும் ஒரே பாய்ச்சலாக உள்ளே இறங்குவார்கள். விரால், கெளுத்தி, கெண்டை, அவரவர் பிடித்தது அவரவர்க்கு. எல்லாருமே வெறுங்காலோடுதான் இறங்குவார்கள், சேற்றில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. நான் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும், நடுவில் ஒருவர் கத்தினார், அப்புறம் இன்னொருவர். ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக்கொண்டு தாண்டித் தாண்டிக் கரைக்கு வந்தார்கள். கூட்டிலிருந்து ஒடிந்த சின்னக் கிளைகள் எல்லாம் சேற்றுக்குள் முள்ளோடு கிடந்திருக்கின்றன. கருவை மரம் அவ்வளவு சீக்கிரம் மக்காது. எட்டுப் பேர்வரை முள் ஏறியது. ஏழு பேர் அங்கேயே பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி இறங்கிவிட்டார்கள். அந்தப் பையனுக்கு மட்டும் குதிகாலில் ஆழமாக இறங்கி ஒடிந்துவிட்டது. மூன்றாம் நாள் கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் கீறித்தான் எடுத்தார்கள். 3,800 ரூபாய் செலவு, அதை நான் கொடுத்தேன். கொடுக்கப் போனபோது அவன் அம்மா வாங்கிக்கொண்டார். "படிச்ச புள்ள. முள்ளப் போட்டா குத்தும்னு தெரியாதா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தண்ணீர் முழுசாக வற்றியதும் ஆறு பேரை வைத்து ஐந்து நாள் சேற்றை வாரியிழுத்து முள் பொறுக்கினோம். கூலி 21,000. ஐந்து நாளும் நானும் கூட இறங்கினேன், அதில் என் வருடாந்திர விடுப்பில் இருந்த மிச்சமும் போனது. அப்படியும் எல்லாம் வந்துவிட்டது என்று சத்தியம் பண்ண மாட்டேன். வெளியில் எதையாவது செய்யப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதுதான்: அது முழுசாக நிற்கும்போது எப்படி இருக்கும் என்று வரைந்து பார்க்கிறோம் இல்லையா, அதே மாதிரி அது பிரியும்போது எப்படிப் பிரியும், துண்டு எங்கே போகும், மிதக்குமா, மூழ்குமா, யார் காலில், எந்த மாட்டு வாயில், எந்த மடையில் போய்ச் சேரும் என்றும் வரைந்து பாருங்கள். இயற்கைப் பொருள்தானே, தானாக மக்கிவிடும் என்ற நம்பிக்கையில்தான் நான் கெட்டேன். மக்குவதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் இருக்கிறது, அந்தக் காலம் முடிவதற்குள் அந்த இடத்தில் மனுசன் நடக்க வேண்டியிருக்கிறது. அப்புறம், செலவுக்கு என்று எடுத்து வைக்கும்போதே கால்வாசியைத் துப்புரவு செய்ய ஒதுக்கி வையுங்கள். எனக்குக் கடைசியில் சுத்தம் பண்ணுவதற்குக் கையில் காசில்லை, சங்கிலியை அடகு வைத்தேன்.

ஒரு மாதம் ஊர்ப்பக்கம் போகவில்லை. ஆனி மாதம் அய்யனாருக்குப் புரவி எடுப்பு, வராமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று அப்பா இழுத்துக்கொண்டு போனார். சின்ன வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், மண்குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, அவற்றைச் செய்கிற வேளார் வீட்டிலிருந்து கோயிலுக்குக் கொண்டு போவார்கள். இந்த முறைதான் கோயிலைச் சுற்றிக் கிடந்த பழைய குதிரைகளை நின்று பார்த்தேன். போன முறை வைத்தது சுண்ணாம்பு உதிர்ந்து நிற்கிறது, அதற்கு முந்தியது காது, வால் ஒடிந்து, அதற்கும் முந்தியது கழுத்துவரை மண்ணுக்குள், அப்புறம் வெறும் ஓட்டுச் சில்லு, அதன் மேல் புல். யாரும் அதைச் சரி செய்வதும் இல்லை, அகற்றுவதும் இல்லை. அங்கே வேளார் தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன். எப்போது குதிரை வேலையை ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டதற்கு, "பிடிமண் வந்தாத்தான்" என்றார். ஊர் கூடி, கண்மாயிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து வெற்றிலை பாக்கோடு வேளாரிடம் கொடுக்க வேண்டும். அதுதான் பிடிமண். அதற்கு முன்னால் அவர் இஷ்டத்துக்கு மண்ணைத் தொட மாட்டார். அவ்வளவு பெரிய குதிரையைச் செய்கிற கைக்கே ஊர் மண்ணை எடுத்துக் கொடுத்தால்தான் வேலை. நான் யார் எடுத்துக் கொடுத்து எடுத்தேன்?

தாத்தா வீட்டுக்கு அதன் பிறகு நான்கைந்து முறை போனேன். பெரிய உருவத்துக்கு மண்ணோடு மணலும் உமியும் வைக்கோலும் கலப்பது, உள்ளே கூடாக விட்டுச் சுவர் எங்கும் ஒரே கனமாக ஏற்றுவது, காற்றுப் போக ஓட்டை விடுவது எல்லாம் காட்டினார். ஒரு நாள் எனக்காக இரண்டு உருண்டை செய்தார். ஒன்று வெயிலில் நன்றாகக் காய வைத்தது, இன்னொன்று ஈரமானது. இரண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். ஈரமானதுதான் முதலில் கரையும் என்று நான் நினைத்தேன். காய்ந்த உருண்டை தண்ணீரைத் தொட்டதும் குமிழி குமிழியாக விட்டு, ஓரம் உதிர்ந்து, சில நிமிஷத்தில் அடியில் குவியலாகிவிட்டது. ஈர உருண்டை உருண்டையாகவே உட்கார்ந்திருந்தது. காய்ந்ததற்குத்தான் தாகம், தண்ணீரை வேகமாகக் குடித்து உடைந்துவிடும் என்றார். சுட்டுவிட்டால் அது மறுபடி மண்ணாகாது, சில்லுதான். சுடாவிட்டால் முதல் மழைக்குக் கண்மாயோடு கண்மாயாகப் போய்விடும், முள் இல்லை, துண்டு இல்லை. எனக்கு வேண்டிய பொருள் அதுதான்.

அடுத்த வருஷ மழை முடிந்து கண்மாய் நிரம்பியதும் இந்தத் தடவை ஊர்க்கூட்டத்துக்கே போனேன். கால் நடுங்கியது. போன வருஷம் நடந்ததற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இந்த முறை வெளியிலிருந்து ஒரு குச்சிகூடக் கொண்டு வர மாட்டேன், கண்மாய் மண்ணைக் கண்மாய்க்குள்ளேயே வைப்பேன், மழை வந்தால் இருக்காது என்று சொன்னேன். நிறையக் கேள்வி கேட்டார்கள். நீர்ப்பாய்ச்சிதான் கடைசியில், "மடையிலிருந்து அம்பது அடி தள்ளிச் செய்யட்டும்" என்றார். அம்பலம் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து என் கையில் கொடுத்தார். ஊராட்சித் தலைவரிடம் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். நீங்களும் எழுத்தில் வாங்குங்கள், பின்னால் தலைவர் மாறினாலும் அதிகாரி மாறினாலும் காகிதம் பேசும். மண்ணைக் கண்மாயை விட்டு வெளியே எடுத்துப் போவதாக இருந்தால் கதை வேறு. வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி வேண்டும், விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் அனுமதி கேட்டால் இலவசமாகக் கொடுக்கிறார்கள். உங்கள் தேவைக்கு எப்படி என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் மண்வெட்டியைத் தூக்க வேண்டும்.

செய்தது சின்ன விஷயம். ஜனவரி கடைசி ஞாயிற்றிலிருந்து மே நடு வரை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அன்றைக்குத் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அந்த விளிம்பிலேயே, அங்கிருக்கும் ஈர மண்ணைக் கையால் உருட்டிக் கயிறு மாதிரி, முன்கைத் தடிமனில், நூறு அடி நீளத்துக்கு வைத்துக்கொண்டே போவேன். அடுத்த ஞாயிறு தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும், புது விளிம்பில் புதுக் கோடு. இரண்டு வாரம் போக முடியவில்லை, மற்றபடி பதினான்கு கோடு. பெட்ரோலும் டீயுமாக எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய்தான் ஆனது. முதல் வாரம் தனியாகச் செய்தேன். மூன்றாவது வாரம் அந்தப் பையன் வந்து கொஞ்ச நேரம் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு ஒன்றும் சொல்லாமல் இறங்கி மறுமுனையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தான். குதிகாலில் தழும்பு தெரிந்தது. பிப்ரவரி முடிவதற்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்.

வாரா வாரம் போனதால்தான் நிறையப் பார்த்தேன், முதல் வருஷம் இரண்டு மாதம் மட்டும் வந்து வேலை செய்தபோது இதில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஈரக் கோட்டின் மேல் உள்ளான் பறவைகள் நடந்துபோன தடம், மூன்று விரலும் பூத்தையல் போட்ட மாதிரி வரிசையாக, அப்படியே காய்ந்து நின்றது. மாட்டுக் குளம்பு அமுக்கிய இடத்தில் கோடு அறுந்திருக்கும், அதை நான் சரி செய்யவில்லை. மார்ச்சில் தண்ணீர் விலகிய இடத்தில் தட்டு மாதிரி வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரிந்தன, ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்தில். ஜிலேபிக் கெண்டை வாயால் மண்ணைத் தள்ளித் தோண்டிய கூடு என்று பிள்ளைகள் சொன்னார்கள். நான் கூடு கட்டுவதற்கு முன்னாலும் அந்தத் தரையில் வருஷா வருஷம் கூடு இருந்திருக்கிறது. பதினோராவது கோட்டை அந்தப் பள்ளங்களுக்கு இடையில் வளைத்து வளைத்துப் போட்டோம். ஒரு இடத்தில் எதையும் செய்யும் முன்பு ஒரு முழு வருஷம், மழை, பெருக்கு, வற்றல், காய்ச்சல் நான்கையும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதனால்தான். வருஷம் அதிகம் என்று தோன்றினால் மாதம் ஒரு நாள் போனால்கூடப் போதும், பன்னிரண்டு நாள்தான்.

மே மாதம் மீன்பிடிக்கு இறங்கியவர்கள் கோடுகளைத் தாண்டியும் மிதித்தும்தான் போனார்கள், பாதி உடைந்தது. எனக்கு உள்ளுக்குள் இருந்த பயமெல்லாம் கால்களைப் பற்றித்தான், கடைசி ஆள் கரையேறும்வரை கரையைவிட்டு நகரவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் கலைந்த பிறகு நீர்ப்பாய்ச்சி பக்கத்தில் வந்து நின்றார். ஒன்றரை வருஷத்தில் அவராக வந்து நின்றது அன்றைக்குத்தான். கரைமேலிருந்து பார்த்தால் மிச்சமிருந்த கோடெல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், கையை நீட்டினார்.

"அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவுல எம்புட்டு அகலமாக் கெடக்கு பாரு. அந்த வாரந்தான் ரெண்டு மடையவும் தொறந்து விட்டேன். அதுக்கு அங்கிட்டு நெருக்கமாப் போகுதுல்ல, அடைச்சுட்டேன், வெயிலு மட்டும் குடிச்சது." கொஞ்சம் நிறுத்தி, "அடுத்த வருஷம் மடைக்கிட்டருந்தே ஆரம்பி ஆத்தா. எனக்கும் கணக்குப் பாக்கத் தோதா இருக்கும்" என்றார்.